வாசகர் கேள்வி–பதில்: மொரீஷியஸில் எளிய விடுதி தேடுவோருக்கு

மொரீஷியஸ் என்றதும் கடற்கரையோரத்து ஆடம்பர விடுதிகள்தாம் பலருக்கும் நினைவுக்கு வருகின்றன. ஆனால் இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஊருக்குள், கடைத்தெருவை ஒட்டி, பத்துப் பதினைந்து அறைகளோடு நடக்கும் சிறு விடுதிகளைப் பற்றியே கேட்கின்றன. கோயிலுக்கு வருகிறவர்களுக்கும், உறவினர் வீட்டுத் திருமணத்துக்கு வருகிறவர்களுக்கும், முன்னோர் கப்பலிலிருந்து இறங்கிய ஆப்பிரவாசி காட் படிகளை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று வருகிறவர்களுக்கும் அத்தகைய விடுதியே போதும். போர்ட் லூயிஸில் அப்படிப்பட்ட ஒரு விடுதியின் வரவேற்பு மேசையில் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் இக்கடிதங்களுக்கு விடை எழுதுகிறேன்.

ஐயா, தைப்பூசக் காவடியைப் பார்ப்பதற்காக நானும் என் மனைவியும் ஒன்பது நாள் பயணமாக வர இருக்கிறோம். இருவருக்கும் அறுபது வயதைத் தாண்டிவிட்டது. கடற்கரை விடுதிக்குக் கொடுக்கும் அளவுக்கு வசதியில்லை. தலைநகரத்தில் அறை எடுத்தால் எல்லா இடங்களுக்கும் போய்வரலாம் என்று நண்பர் சொல்கிறார். அது சரிதானா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், மதுரை

தலைநகரத்தில் தங்கினால் எல்லாம் கைக்கெட்டும் தொலைவில் இருக்கும் என்ற எண்ணம் தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு இயல்பாகவே தோன்றுகிறது. மதுரையிலோ சென்னையிலோ இரவு பத்து மணிக்கும் இட்லிக் கடை திறந்திருக்கும், பேருந்தும் கிடைக்கும். போர்ட் லூயிஸ் அப்படிப்பட்ட ஊரன்று. காலையில் தீவின் நாலா பக்கத்திலிருந்தும் வேலைக்கு வருகிற கூட்டம் மாலையில் திரும்பிப் போய்விடும். ஆறு மணிக்கு மேல் கடைகளின் இரும்புக் கதவுகள் இறங்கி, பகலில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நடந்த தெருவில் நம் காலடி ஓசை நமக்கே கேட்கும். கோடான் துறைமுகப் பகுதியிலும் சீனர் கடைத்தெருவிலும் சிறிது நடமாட்டம் இருக்கும், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமையோ நண்பகலோடு ஊர் அடங்கிவிடும்.

ஆகவே இங்கே விடுதியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் ஊரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஊரைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் உங்கள் காலைப்பொழுதும் மாலைப்பொழுதும் எங்கே கழியப் போகின்றன என்பதைத் தீர்மானிக்க வேண்டும். தீவு சிறியதுதான், வடமுனையிலிருந்து தென்முனைக்குச் சுமார் 65 கிலோமீட்டர். ஆனால் ஊர்ப்புறப் பேருந்துகள் மாலை ஆறரை, ஏழு மணியோடு நின்றுவிடுவதால், அந்தச் சிறிய தொலைவே இரவில் டாக்சிக் கட்டணமாக மாறி உங்கள் பையைக் காலி செய்துவிடும். அறை வாடகையில் மிச்சம் பிடித்ததை டாக்சியில் தொலைத்த விருந்தினர்களை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

உங்கள் காரியம் காவடி. கத்ர் போர்ன் ஊரில் கோர் தெ கார்ட் மலைச்சரிவில் இருக்கும் சிவசுப்பிரமணியர் கோயிலின் காவடி தீவெங்கும் புகழ்பெற்றது. தைப்பூசம் இங்கே அரசு விடுமுறை நாள். அன்று பேருந்துகள் குறைவாகத்தான் ஓடும், கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் வண்டிகளும் எளிதில் நகரா. அதனால் காவடியன்று காலை நடந்தே கோயில் பக்கம் போகும்படியான இடத்தில், அதாவது கத்ர் போர்னிலேயே அறை எடுங்கள். அங்கே கிடைக்காவிட்டால் பக்கத்து ஊரான ரோஸ் ஹில் உங்களுக்கு ஏற்றது. இரண்டு ஊர்களும் மெட்ரோ ரயில் பாதையில் இருக்கின்றன. 2020இல் ரோஸ் ஹில்லுக்கும் போர்ட் லூயிஸுக்கும் இடையே தொடங்கிய அந்த ரயில் 2022 அக்டோபரில் கியூர்பீப் வரை நீண்டுவிட்டது. எனவே தலைநகரத்துச் சந்தையையும், கைலாசம் என்று ஊரார் அழைக்கும் சொக்கலிங்கம் மீனாட்சி அம்மன் திருக்கோயிலையும் பகலில் போய்ப் பார்த்துவிட்டு மாலைக்குள் அறைக்குத் திரும்பிவிடலாம்.

தட்பவெப்பத்தையும் சேர்த்து எண்ணுங்கள். தைப்பூசம் வரும் நாள்கள் எங்களுக்குக் கடுங்கோடை. மலைகளின் மறைவில் கடலோரமாகக் கிடக்கும் போர்ட் லூயிஸில் அப்போது ஏசி இல்லாத அறையில் உறங்குவது கடினம். ஏறத்தாழ 550 மீட்டர் உயரத்தில் இருக்கும் கியூர்பீப்பில் அதே இரவு குளிர்ச்சியாக இருக்கும். ஆனால் அங்கே மழையும் ஈரமும் அதிகம், அறைகளில் பூஞ்சை வாடை வந்துவிடும். மூட்டு வலியோ இரைப்போ உள்ளவர்களுக்கு அந்த ஊரை நான் சொல்லமாட்டேன். ரோஸ் ஹில்லும் கத்ர் போர்னும் இரண்டுக்கும் இடைப்பட்டவை. மின்விசிறியோடு கூட அங்கே இரவைக் கழித்துவிடலாம்.

இன்னொன்று சொல்கிறேன். ஒன்பது நாளையும் ஒரே இடத்தில் கழிக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. விமான நிலையம் தீவின் தென்கிழக்கு மூலையில், போர்ட் லூயிஸிலிருந்து சுமார் 45 கிலோமீட்டர் தொலைவில் பிளேசான்ஸில் இருக்கிறது. உங்கள் திரும்பும் விமானம் விடியற்காலையில் என்றால், கடைசி இரவை மட்டும் மஹேபூரில் கழியுங்கள். அங்கிருந்து விமான நிலையம் பத்துக் கிலோமீட்டருக்கும் குறைவு. சின்னஞ்சிறு துறைமுக ஊர். குடும்பத்தினரே நடத்தும் விடுதிகள் பல இருக்கின்றன. அவர்களிடம் முந்திய இரவே சொல்லிவைத்தால் அதிகாலையில் டாக்சியும் ஏற்பாடு செய்து தருவார்கள்.

படத்தில் பளபளப்பாகத் தெரியும் அறை நேரில் பார்த்தால் வேறாக இருக்கிறது. பணம் கட்டுவதற்கு முன் உண்மையை எப்படித் தெரிந்துகொள்வது? போய்ச் சேர்ந்த பின் எதையெதைப் பார்க்க வேண்டும்?
— கணினித்துறை இளைஞர், திருச்சி

தம்பி, படம் பொய் சொல்வதைவிட, சொல்லாமல் விட்டுவிடுவதுதான் அதிகம். ஆகவே படத்தில் எது இருக்கிறது என்று பார்ப்பதோடு, எது இல்லை என்றும் பாருங்கள். கட்டிலை நான்கு கோணங்களில் காட்டிவிட்டு ஜன்னலை ஒரு படத்தில்கூடக் காட்டவில்லை என்றால், அந்த ஜன்னல் பக்கத்துக் கட்டடத்தின் சுவரைப் பார்த்திருக்கும், அல்லது ஜன்னலே இருக்காது. குளியலறைப் படம் இல்லையென்றால் அதைக் கேட்டு வாங்குங்கள். அனுப்பத் தயங்குகிற விடுதியை விட்டுவிடுங்கள்.

எனக்கே இந்த அனுபவம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் தமிழ்நாட்டில் கோயில்களைப் பார்க்கப் போனபோது, ரயில் நிலையத்துக்கு அருகில் ஒரு விடுதியில் படத்தைப் பார்த்து அறை எடுத்தேன். படத்தில் நீலத் திரைச்சீலை அழகாகத் தொங்கியது. அறைக்குள் போய்த் திரையை விலக்கினால் பின்னால் வெறும் சுவர். ஜன்னலே இல்லாத இடத்தில் திரையை மட்டும் மாட்டியிருந்தார்கள். விடுதித் தொழிலில் இருந்த எனக்கே கேட்கத் தோன்றவில்லை என்ற வருத்தம் இன்றும் இருக்கிறது. அதற்குப் பின் எங்கே போனாலும், "ஜன்னல் எதைப் பார்த்தபடி இருக்கிறது?" என்பதுதான் நான் கேட்கும் முதல் கேள்வி.

பணம் கட்டுவதற்கு முன் விடுதியோடு நேரடியாகப் பேசுங்கள். பேச முடியாவிட்டால் எழுதிக் கேளுங்கள். வரவேற்பில் இரவு எத்தனை மணி வரை ஆள் இருப்பார், சொல்லும் வாடகையில் 15 விழுக்காட்டு வாட் வரி அடங்கியிருக்கிறதா, ஏசிக்குத் தனிக் கட்டணம் உண்டா, அறை எந்த மாடியில், லிஃப்ட் இருக்கிறதா என்பவற்றைக் கேளுங்கள். சுடுநீரைப் பற்றியும் கேட்க வேண்டும். இங்கே பல கட்டடங்களில் மொட்டைமாடியில் சூரிய ஒளியால் நீரைச் சூடாக்கும் கருவிதான் இருக்கிறது. இரண்டு நாள் தொடர்ந்து மழை பெய்தால் அதில் வெதுவெதுப்புக்கூட மிஞ்சாது. மின்சாரத்தால் சூடாக்கும் மாற்று ஏற்பாடு உண்டா என்று கேட்டு, உண்டு என்று பதில் வந்தால் அதைச் சேமித்து வையுங்கள். மேலும், 2025 அக்டோபர் முதல் வெளிநாட்டுப் பயணிகளிடம் ஓர் இரவுக்குத் தலைக்கு 3 யூரோ வீதம் சுற்றுலாக் கட்டணம் வசூலிக்கிறார்கள். பன்னிரண்டு வயது நிரம்பாத குழந்தைகளுக்கு அது கிடையாது. கணக்கில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், கடைசி நாளில் திகைக்க வேண்டாம்.

பிறர் எழுதும் கருத்துகளில் நட்சத்திரங்களை எண்ணுவதைவிட, ஒரே குறை எத்தனை பேர் வாயில் வருகிறது என்று பாருங்கள். ஒருவர் மட்டும் "ஊழியர் முகம் கொடுத்துப் பேசவில்லை" என்று எழுதியிருந்தால் அது அன்றைய மனநிலையாக இருக்கலாம். மூன்று பேர் வெவ்வேறு மாதங்களில் "நீர் வரத்து குறைவு" என்று எழுதியிருந்தால் அது குழாயின் குறை. நீங்கள் போகும்போதும் அப்படியேதான் இருக்கும்.

போய்ச் சேர்ந்ததும் பெட்டியைத் திறக்காதீர்கள். அறையைக் காட்டும் ஊழியர் வாசலில் நிற்கும்போதே ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். விரிப்பின் ஒரு மூலையைத் தூக்கி மெத்தையின் தையலோரத்தைப் பாருங்கள். மிளகுத் தூளைத் தூவியதுபோல் கரும்புள்ளிகள் தெரிந்தால் மூட்டைப்பூச்சி இருக்கிறது என்று பொருள், வேறு அறை கேளுங்கள். குளியலறைக் குழாயைத் திறந்து ஒரு நிமிடம் ஓடவிட்டு, தண்ணீர் வடிகாலில் தேங்குகிறதா என்று கவனியுங்கள். கழிப்பறையில் நீர் இறங்குகிறதா என்று ஒருமுறை சோதியுங்கள். கதவை உள்ளிருந்து தாழிட்டு, வெளியிலிருந்து சாவியால் திறந்து பாருங்கள். அலமாரியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். ஈர வாடை வந்தால் உங்கள் துணிகளுக்கும் அந்த வாடை ஏறிவிடும். ஜன்னலில் கொசுவலை இருக்கிறதா என்றும் பாருங்கள். 2006இல் சிக்குன்குனியா இத்தீவை வாட்டிய நாள்களை மறக்காதவன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். இத்தனையும் முதல் ஐந்து நிமிடத்தில் கேட்டால் ஊழியருக்கு எளிது, மாற்று அறையும் கையில் இருக்கும். மறுநாள் காலையில் வந்து கேட்டால் விடுதி நிரம்பியிருக்கும். மனம் இருந்தாலும் அவரால் ஒன்றும் செய்ய இயலாது. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பலமுறை கைபிசைந்திருக்கிறேன்.

பதிவு உறுதிச் சீட்டைத் தாளில் அச்சிட்டு எடுத்து வாருங்கள். விமான நிலையத்தில் குடியேற்ற அதிகாரி திரும்பும் பயணச்சீட்டையும் தங்குமிட முகவரியையும் கேட்பார். கைப்பேசியில் மின்னூட்டம் தீர்ந்துபோகும் நேரம் எப்போதும் அதுவாகத்தான் இருக்கும்.

சைவ உணவு மட்டுமே உண்ணும் தாயாரோடு வருகிறேன். விடுதியில் சாப்பாட்டுக்கு என்ன செய்வது? அறையில் சமைக்கலாமா?
— வாசகி ஒருவர், சாட்ஸ்வொர்த், டர்பன்

அம்மா, நகரத்துச் சிறு விடுதிகளில் வாடகையோடு சேர்த்துக் கொடுக்கும் காலை உணவு பெரும்பாலும் பிரெஞ்சு முறைப்படி இருக்கும்: ரொட்டி, வெண்ணெய், பழக்கூழ், தேநீர், கேட்டால் முட்டை. இரண்டு நாள் உண்ணலாம், மூன்றாம் நாள் தாயார் முகம் சுளிப்பார். காலையில் தெருமுனையில் கண்ணாடிப் பெட்டியோடு நிற்கும் தால் பூரிக்காரரைத் தேடிப் போங்கள். பட்டாணிப் பருப்பை அரைத்து உள்ளே வைத்த மெல்லிய பூரி. அவரைக் கறியும் தக்காளிக் குழம்பும் தொக்கும் தடவி, இரண்டிரண்டாக மடித்துத் தாளில் சுற்றிக் கொடுப்பார். வயதானவர்களுக்கு மிளகாய் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். உணவகங்களில் "காய்கறி" என்று மட்டும் சொன்னால் சில சமயம் இறாலோ கருவாடோ சேர்ந்து வந்துவிடும். இறைச்சி, மீன், முட்டை ஆகிய மூன்றும் கூடாது என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லுங்கள். கோயில் விழா நாளென்றால் கவலையே இல்லை. வாழையிலை போட்டு ஏழு கறி பரிமாறுவார்கள், வெளியூரார் என்று யாரும் ஒதுக்கமாட்டார்கள்.

சாதாரண அறையில் அடுப்பு வைத்துச் சமைக்க விடமாட்டார்கள். புகை வந்தால் அபாய மணி அடிக்கும், தண்டத் தொகையும் கேட்பார்கள். உங்களுக்குப் பொருத்தமானது சிறு சமையலறையோடு கூடிய அறை. பிரெஞ்சு வழக்கில் அதை 'ஸ்டூடியோ' என்பார்கள். வாடகை சற்றுக் கூடுதலாக இருந்தாலும், ஒரு வாரத்துக்கு மேல் தங்குவோருக்குச் சாப்பாட்டுச் செலவில் அது ஈடாகிவிடும். அரிசியும் பருப்பும் மசாலாவும் ஊர்க் கடைகளிலேயே கிடைக்கின்றன. வீட்டுத் தோட்டத்துக் கறிவேப்பிலையையோ பழத்தையோ பெட்டியில் போட்டு எடுத்து வராதீர்கள், செடிகொடி வகைகளை அனுமதியின்றி உள்ளே விடுவதில்லை. தென்னாப்பிரிக்காவின் மூன்று பெரிய உருண்டைக் கால் கொண்ட பிளக் எங்கள் சுவரில் நுழையாது. இங்கே ஆங்கிலேயரின் மூன்று சதுரக் கால் துளையும் பிரெஞ்சுக்காரரின் இரண்டு உருண்டைக் கால் துளையும்தான் உள்ளன, ஆகவே பிளக்கைப் பொருத்தும் அடாப்டர் ஒன்றைக் கையோடு கொண்டு வாருங்கள்.

நான் தனியாக வருகிற பெண். எளிய விடுதியில் தங்குவது பாதுகாப்பானதா? வரவேற்பில் தமிழ் பேசினால் புரியுமா?
— வாசகி ஒருவர், சென்னை

இரண்டாவது கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். எங்கள் ரூபாய் நோட்டில் ஆங்கிலத்துக்கு அடுத்தபடி தமிழ் எழுத்து இருக்கிறது; 1998இல் அந்த வரிசையை மாற்றி இந்தியை முன்னே வைத்து நோட்டு வெளியிட்டபோது இங்குள்ள தமிழர்கள் எதிர்த்ததால் அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்றார்கள். அதைப் படித்துவிட்டுத் தமிழிலேயே எல்லாம் நடக்கும் என்று நம்பி வருகிறவர்கள் உண்டு. வீட்டிலும் கடையிலும் வழங்கும் மொழி, பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல்தான். தமிழ் கோயிலிலும் பள்ளியிலும் வாழ்கிறது. உங்கள் ஆங்கிலம் விடுதிக்குப் போதும்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, நேரம்தான் முக்கியம். பகல் வெளிச்சத்தில் போய்ச் சேரும்படி பயணத்தை அமைத்துக்கொள்ளுங்கள். போர்ட் லூயிஸை இரவில் தங்குவதற்கு வைத்துக்கொள்ளாமல் ரோஸ் ஹில், கத்ர் போர்ன் போன்ற குடியிருப்புகள் நிறைந்த ஊர்களில் அறை எடுங்கள். அங்கே மாலையிலும் குடும்பங்கள் நடமாடும். சிறு விடுதிகள் பலவற்றில் இரவு பத்து மணிவாக்கில் வெளிக்கதவைப் பூட்டிவிட்டு ஊழியர் வீட்டுக்குப் போய்விடுவார். அப்படிப்பட்ட இடத்தில் கதவுச் சாவி உங்கள் கையில் தரப்படுகிறதா, அவசரம் என்றால் யாரை அழைப்பது என்பதைக் கேளுங்கள். இருபத்து நான்கு மணி நேரமும் ஆள் இருக்கிற விடுதிக்குச் சற்று அதிகம் கொடுப்பது, தனியாக வருகிறவர்களுக்கு வீண்செலவு அன்று. தரைத்தள அறையும் தெருவோர ஜன்னலும் வேண்டாம். மாடியில், படிக்கட்டுக்கு அருகில் கேளுங்கள். வரவேற்பில் உங்கள் அறை எண்ணை உரக்கச் சொல்லும் ஊழியரிடம், எழுதிக் காட்டும்படி தயங்காமல் சொல்லலாம். நல்ல விடுதியில் நீங்கள் சொல்வதற்கு முன்பே அப்படித்தான் செய்வார்கள்.

இங்கே டாக்சிகள் மீட்டர் போட்டு ஓடுவதில்லை. ஏறுவதற்கு முன்பே தொகையைப் பேசி முடிக்க வேண்டும். விமான நிலையத்துக்கு வண்டி அனுப்ப எவ்வளவு என்று விடுதியிடமே கேட்டுவைத்துக்கொண்டால், வெளியே கேட்கும் தொகை நியாயமா என்று தெரியும். காவல்துறைக்கு 999 அல்லது 112, மருத்துவ உதவிக்கு 114, தீயணைப்புக்கு 115. இந்த எண்களை விடுதியின் முகவரி அட்டைக்குப் பின்னால் எழுதிக் கைப்பையில் வையுங்கள்.

போர்ட் லூயிஸில் தங்கியிருந்தபோது புயல் வந்து விமானம் ரத்தானது. கூடுதலாக இரண்டு இரவுகள் தங்க நேர்ந்தது. விடுதிக்காரர் அந்த இரண்டு நாளுக்கு மட்டும் வாடகையை ஏற்றிவிட்டார். இது முறையா? இனி வரும்போது என்ன செய்ய வேண்டும்?
— வாசகர் ஒருவர், சாந்தெனி, ரீயூனியன்

முறையன்று, ஐயா. சட்டத்தைப் பற்றி நான் பேசவில்லை. தொழில் அறத்தைப் பற்றிப் பேசுகிறேன். வாசலைத் தாண்டமுடியாமல் உள்ளே இருக்கிற விருந்தினரிடம் விலை பேசுவது விடுதி நடத்துகிறவருக்கு அழகன்று. ஆனால் கூடுதலாகத் தங்கும் இரவுகளுக்கு வாடகை கொடுக்க வேண்டியவர் பயணிதான் என்பதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். புயலால் நின்ற விமானத்துக்காக விமான நிறுவனம் அறை வாடகையைக் கொடுக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம். அதற்கெனப் பயணக் காப்பீடு எடுத்துக்கொள்வது நல்லது. நவம்பர் முதல் ஏப்ரல் வரையிலான புயல் பருவத்தில் வருகிறவர்கள், பதிவு செய்யும்போதே, "புயலால் தங்கல் நீண்டால் இதே வாடகைதானே?" என்று எழுத்தில் கேட்டுப் பதில் வாங்கி வைப்பது என் கருத்தில் மிகத் தேவையானது. முன்கூட்டிக் கேட்டால் இல்லை என்று சொல்லும் விடுதிக்காரர் அரிது.

உங்கள் தீவில் நிறங்களால் எச்சரிக்கை விடுகிறார்கள், இங்கே எண்களால். முதலாம் வகுப்பு எச்சரிக்கை புயல் தாக்குவதற்கு முப்பத்தாறு முதல் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு முன்பே வந்துவிடும். வெளியூர்ப் பயணிகள் அதைப் பொருட்படுத்துவதில்லை, வானம் அப்போது நீலமாகவே இருக்கும். ஆனால் விடுதியில் செய்ய வேண்டியதையெல்லாம் செய்யும் நேரம் அதுதான். மூன்றாம் வகுப்பு வந்துவிட்டால் பேருந்து ஓடாது, கடை திறக்காது. மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசத் தொடங்கியதும் நான்காம் வகுப்பு. அதன்பின் வெளியே காலெடுத்து வைக்கலாகாது. முதல் எச்சரிக்கை வந்த அன்றே குடிநீர், ரொட்டி, பழம், மருந்து ஆகியவற்றை இரண்டு நாளுக்கு வாங்கி வையுங்கள். கையில் ரொக்கமும் இருக்கட்டும், மின்சாரம் போனால் அட்டை இயந்திரம் வேலை செய்யாது. எங்கள் விடுதியில் இரண்டாம் எச்சரிக்கை வந்ததும் ஒவ்வோர் அறையிலும் வாளிகளை நிரப்பிவிடுவோம். மின்சாரம் போனால் மோட்டார் நிற்கும், மோட்டார் நின்றால் மாடிக்குத் தண்ணீர் ஏறாது. வாளி வைக்காத விடுதியில் நீங்களே கேட்டு வாங்கி நிரப்புங்கள்.

போர்ட் லூயிஸில் காற்றைவிட எனக்கு வெள்ளத்தின்மீதுதான் அச்சம். மலையடிவாரத்து ஊரானதால் மழைநீர் முழுவதும் சரிந்து கடைத்தெருவுக்கு வந்துவிடுகிறது. 2013 மார்ச் 30ஆம் நாள் சில மணி நேரத்தில் கொட்டிய மழையில் பதினொரு பேர் மாண்டார்கள். கோடான் அருகே தெருவுக்கு அடியில் செல்லும் நடைபாதையில் சிக்கியவர்களும் அவர்களில் அடக்கம். 2024 ஜனவரி 15 அன்று பெலால் புயலின்போது தெருக்களில் கார்கள் காகிதப் படகுகளைப்போல் மிதந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். மழைக்காலத்தில் அந்த ஊரில் தங்கித்தான் ஆகவேண்டும் என்றால் முதல் மாடிக்கு மேலே அறை கேளுங்கள், வாடகைக் காரைத் தாழ்வான தெருவில் நிறுத்தாதீர்கள், மழை வலுத்ததும் சுரங்கப்பாதைக்குள் இறங்காதீர்கள்.

எங்கள் விமானம் பத்தாம் தேதி இரவு ஒரு மணிக்கு இறங்குகிறது. அறையை எந்தத் தேதிக்குப் பதிவு செய்வது?
— வாசகர் ஒருவர், கோயம்புத்தூர்

ஒன்பதாம் தேதி இரவுக்கு. பத்தாம் தேதிக்குப் பதிவு செய்தால் பிற்பகல் இரண்டு மணிக்குத்தான் அறை உங்களுடையதாகும். கைக்குழந்தையோடு இரவு மூன்று மணிக்கு வந்து, தேதிக் கணக்கில் தவறியதால் எங்கள் வரவேற்பறை நாற்காலியிலேயே விடியும்வரை உட்கார்ந்திருந்த ஒரு குடும்பத்தை நான் பார்த்திருக்கிறேன். அன்று ஓர் அறையும் காலியில்லை. பதிவு செய்ததோடு நில்லாமல், "ஒன்பதாம் தேதி இரவு, அதாவது பத்தாம் தேதி விடியற்காலை இரண்டு, மூன்று மணிக்கு வருவோம்" என்று தனியாக எழுதித் தெரிவியுங்கள். இல்லையென்றால் நள்ளிரவுக்குப் பின் நீங்கள் வரவில்லை என்று கருதி அறையை வேறொருவருக்குக் கொடுத்துவிடக்கூடும்.

கடைசி நாள் இரவு விமானம். காலை பதினொரு மணிக்கே அறையைக் காலி செய்யச் சொல்கிறார்கள். அதுவரை பெட்டிகளை என்ன செய்வது?
— வாசகி ஒருவர், ஈப்போ, மலேசியா

அம்மா, பெட்டிகளை வரவேற்பில் ஒப்படைத்துவிட்டு ஊரைச் சுற்றலாம். அநேகமாக எல்லா விடுதிகளும் கட்டணமின்றி வைத்துக்கொள்ளும். பெட்டி எண்ணிக்கையைச் சொல்லிச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கடவுச்சீட்டு, பணம், நகை, மருந்து ஆகியவற்றைப் பெட்டியில் விடாமல் கையிலேயே வைத்திருங்கள். புறப்படுவதற்கு முன் குளித்து உடைமாற்ற இடம் கிடைக்குமா என்று காலையிலேயே கேளுங்கள். காலியாக ஓர் அறை இருந்தால் பெரும்பாலோர் மறுப்பதில்லை, சிலர் சிறு தொகை கேட்பார்கள். அந்தத் தொகைக்கும் ரசீது வாங்குங்கள். வெளியே போயிருக்கும்போது பெட்டி இருக்கும் அறையைப் பூட்டிவிட்டு ஊழியர் வீட்டுக்குப் போய்விடக்கூடும். ஆதலால் அன்று மாலை எத்தனை மணி வரை அவர் இருப்பார் என்பதைக் கேட்டுக்கொண்டு, அதற்கு ஒரு மணி நேரம் முன்பாகவே திரும்பிவிடுங்கள்.